மூன்று பக்கற் திருநீறு

என் மகனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. வீட்டில் இருப்பது மூன்றே பேர். அந்த முடிவுக்கு நானும் கை உயர்த்தினேன். ஆனாலும் நடந்ததை முழுதாகச் சொன்னால் பாதிப் பழியையாவது யாராவது பொலிசாரின் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்ற நப்பாசையில் எழுதுகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கணவருக்கு வத்தளையில் தொழிற்சாலை வேலை. காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். மகன் படிக்கிறான். ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். ஸ்கூட்டர் வைத்திருக்கிற பிள்ளையின் தாய் எப்படி இருப்பாள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குப் போவேன். ஐயர் தருகிற திருநீற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவரும் மகனும் கொண்டு திரிகிற சாமான்களுக்குள் எல்லாம் வைத்துவிடுவேன். கணவரின் பர்ஸ், மகனின் லப்டொப் பை, ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டி, ஹெல்மெட்டின் உள்துணி. மகனுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. நெற்றியில் பூசச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. பைக்குள் வைத்தால் அவன் எடுத்து எறிவதில்லை. இது பேசாமல் செய்துகொண்ட ஒப்பந்தம்.

முன்பெல்லாம் பத்திரிகைத் தாளில் சரை மடித்துத்தான் வைத்தேன். ஒருநாள் பைக்குள் சரை அவிழ்ந்து, லப்டொப்பின் எழுத்துக்களுக்கு இடையில் எல்லாம் திருநீறு இறங்கிவிட்டது. திருத்தக் கொடுத்த கடையில், இதை எந்த அடுப்பில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்களாம். மகன் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டான். சரி, புத்தியாக ஒன்று செய்வோம் என்று, தோடும் மணியும் போட்டு விற்கிற குட்டிக் குட்டிப் பிளாஸ்ரிக் பைகளைப் புறக்கோட்டையில் வாங்கிவந்தேன். வாயை விரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு தேக்கரண்டியால் அள்ளி அள்ளி நிரப்பினேன். எல்லாம் ஒரே அளவாக, பார்க்க அழகாக இருந்தது.

மகன் வந்து பார்த்தான்.

"அம்மா, சப்ளை எங்க? கொட்டாஞ்சேனைக்கோ, கிராண்ட்பாஸுக்கோ?"

"உனக்கும் அப்பாவுக்கும்தான்" என்றேன்.

கணவர் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இதெல்லாம் வந்திராது. ஆகவே அந்தக் கைவாக்கெடுப்பை இன்னொரு முறை நடத்தவேண்டும் என்பது என் கோரிக்கை.

அன்றைக்கு அவன் படிப்பு விஷயமாகக் கொட்டாஞ்சேனையில் கூட்டாளி ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தான். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, பின்னேர வெயிலில் பல்கனியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"அம்மா, பதறாதேங்கோ."

பதறாதேங்கோ என்று யாராவது தொடங்கினால் நான் அந்தச் சொல்லிலேயே பதறிவிடுவேன்.

"எங்க விழுந்தனீ?"

"விழேல்லை அம்மா. பொலிஸ் ஸ்டேசன்ல இருக்கிறன். றோட்டில மறிச்சு செக் பண்ணினவை. உங்கட திருநீறு இருந்ததெல்லோ, அதைக் குடு எண்டு நினைக்கினம்."

குடு என்று இங்கே ஹெரோயினைச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். மேசையில் இருந்து நான் நிரப்பிய அந்த ஒரே அளவுப் பக்கற்றுகள் அந்தக் கணத்தில்தான் என் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தன. குடு அதிகம் பிடிபடுகிற கொட்டாஞ்சேனைக்குச் சப்ளையோ என்று மகன் கேட்டதும் அப்போதுதான் விளங்கியது.

"நீ என்ன சொன்னனீ?"

"திருநீறு எண்டு சொன்னன். என்னை அரெஸ்ட் பண்ணுறீங்களோ எண்டு கேட்டன்."

"ஐயோ தம்பி! ஏனடா கேட்டனீ?"

"கேக்கவேணும் அம்மா."

"ஒண்டும் கேக்காதை. சேர் சேர் எண்டு சொல்லிக்கொண்டு இரு. நான் வாறன்."

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். இன்னும் அந்த வழியால்தான் போய்வருகிறோம்.

உடனே ஓடிப்போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் நான் செய்த முதல் வேலை அலுமாரியைத் திறந்து ஒரு பை கட்டியது. துவாய், பல்லுப் பிரஷ், மாற்றுவதற்குச் சாரம், பனியன், மாரி பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல். கை தானாகவே எடுத்து வைத்தது. எங்கள் வயதுக்காரருக்கு இது விட்டுப்போகாத பழக்கம். சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கென்று வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தவர்கள் நாங்கள். எங்களில் யாரையாவது பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால், பின்னால் போகிறவரின் கையில் இப்படி ஒரு பை இருக்கும். ஏன் பிடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் உள்ளே இருக்கிறவருக்குத்தான் கூடாது என்று நினைத்தோம். பையைக் கொடுப்போம். தாங்க் யூ சேர் என்போம். வெளியே வந்து வீதிக்கு அந்தப் பக்கம் நிற்போம்.

பையோடு மேல்மாடிக்கு ஏறினேன். அங்கே ஒரு லோயர் இருக்கிறார். காணி உறுதி எழுதுகிறவர். வேறு எந்தச் சட்டத்துக்கும் அவரிடம் போனவர்களை நான் கண்டதில்லை. கதவைத் திறந்தவர் என் கையில் இருந்த பையைப் பார்த்து, "டீச்சர், யாழ்ப்பாணம் போறியளோ?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இஞ்ச பாருங்கோ. பொலிஸ் ஒராளைக் கைது செய்தால் என்னத்துக்கு எண்டு அந்த ஆளுக்குச் சொல்லவேணும். கைது செய்தால் இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டுபோகவேணும். சும்மா விசாரணை எண்டு சொல்லி இருத்தி வைக்கேலாது. இதெல்லாம் எழுத்தில இருக்கு."

"அப்ப பயமில்லையோ?"

"எழுத்தில எண்டுதானே சொன்னனான். உங்கட விஷயத்தில பயம் என்னெண்டால், அந்தப் பக்கற்றை சீல் பண்ணி இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால், பிறகு அறிக்கை வரவேணும். அது வரும்வரைக்கும் பொடியன் விளக்கமறியல் எண்டு சிறையில இருக்கவேண்டி வந்தாலும் வரும். திருநீறு எண்டுதான் வரும், ஓம். எப்ப வரும் எண்டுதான் தெரியாது. அனுப்ப முந்தி நிப்பாட்டப் பாருங்கோ."

"எப்பிடி நிப்பாட்டுறது?"

"ஒரேயொரு கேள்வி கேளுங்கோ. கைதோ இல்லையோ, கைதெண்டால் காரணம் என்ன? வேற ஒண்டும் வேண்டாம்."

"எனக்கு அந்த வாய் வராது அண்ணா. நீங்கள் வாங்கோவன்."

"நான் வந்தால் காணிப் பிரச்சினை எண்டு நினைச்சிடுவினம்" என்று சொல்லிக்கொண்டே, போடுவதற்குச் சேட்டைத் தேடத் தொடங்கினார். நீங்கள் முன்னால் போங்கோ, நான் கார் எடுத்துக்கொண்டு வாறன் என்றார். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய கார் கிளம்புவதற்கும் அதற்கென்று ஒரு நேரம் வேண்டும்.

ஓட்டோவில் இருந்தபடி கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சொன்னேன். மறுபக்கம் மெசின் சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சேரும், நீர் வாயைத் திறக்காதையும். நான் வெளிக்கிட்டிட்டன்."

வத்தளையில் இருந்து அந்த நேரத்தில் வெளிக்கிடுகிற ஒருவர் நீர்கொழும்பு வீதி பஸ்களுக்குள்ளால் எப்போது வந்து சேர்வார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆகவே நான் ஒருத்திதான். என் கேள்வி, என் பை, என் சிங்களம்.

என் சிங்களத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது மரக்கறிக் கடையில் பழகியது. கத்தரிக்காய் முற்றல், தேங்காய் சின்னன், நேற்று இந்த விலை இல்லையே என்றெல்லாம் பிசகாமல் சொல்வேன். கைது, காரணம், சந்தேகநபர் என்ற சொற்கள் மரக்கறிக் கடையில் வருவதில்லை.

உள்ளே போனதும் மகனைக் கண்டேன். சுவரோடு போட்ட நீட்டு வாங்கில், மடியில் ஹெல்மெட்டோடு, பல் வைத்தியரிடம் வந்தவன்போல் இருந்தான். அவனுக்கு முன்னால் மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மீசை நரைத்த ஒரு சார்ஜன்ட், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். மேசைமேல் என் பக்கற்றுகள் மூன்றும் வரிசையாக. லப்டொப் பையில் ஒன்று, ஸ்கூட்டர் பெட்டியில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. நான் வைத்தது ஒன்றும் தப்பவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு காக்கி உறை, சிவப்பு அரக்குத் துண்டு, பாதி எரிந்த மெழுகுதிரி. கான்ஸ்டபிள் சட்டைப்பையைத் தட்டித் தட்டி நெருப்புப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். லோயர் சொன்ன 'சீல்' என்பது இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சார்ஜன்ட் முதலில் என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன, அம்மே?" என்றார் சிங்களத்தில். இனி வருகிற பேச்சில் பாதி சிங்களம்தான். நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"மகனுக்கு, சேர். துவாய். பிரஷ்."

"இது என்ன, ஹொஸ்டலா?" கான்ஸ்டபிளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பார், தாய்க்கே தெரியும் பிள்ளை இன்றைக்கு வீட்டுக்கு வராது என்று."

மகன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது.

"அம்மா," என்றான் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் அரெஸ்ட் இல்லை எண்டு இவ்வளவு நேரமும் கதைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்களே என்னை உள்ளுக்குத் தள்ளிவிட்டிடுவியள் போல கிடக்கு."

பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அது பெரிய பை. ஒளியவில்லை.

"சேர், அது திருநீறு. கோயில்ல தந்தது. நான்தான் வைச்சனான்."

"எல்லாத் தாயும் அப்படித்தான் சொல்லும். சரி, திருநீறு என்றே வைப்போம். சாமி கும்பிடுகிற பிள்ளை என்றால் நெற்றியில் இருக்கவேண்டுமே? பார், துடைத்து விட்ட மாதிரி இருக்கிறது. பைக்குள் இருக்கு, பெட்டிக்குள் இருக்கு, தொப்பிக்குள் இருக்கு. நெற்றியில் மட்டும் இல்லை. ஏன்?"

எங்கள் வீட்டு ஒப்பந்தத்தை எந்தச் சிங்களத்தில் விளங்கப்படுத்துவது? அந்த மனிதர் முட்டாளில்லை என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அந்தக் கேள்வியை நானே மகனிடம் எத்தனையோ தரம் மனதுக்குள் கேட்டிருக்கிறேன்.

மகன் வாயைத் திறந்தான்.

"சேர், பூசாமல் இருக்கிறது குற்றமா?"

"மல்லி, நீ கூடக் கதைக்கிறாய்" என்றார் சார்ஜன்ட். மல்லி என்றால் தம்பி.

"கைது என்றால் என்ன காரணம் என்று சொல்லுங்கள் சேர். கைது இல்லை என்றால் நான் போகலாம்தானே?"

"விசாரணை. பொறுப்பதிகாரி வரட்டும், ஓஐசி மஹத்தயா. வந்ததும் சீல் பண்ணி அனுப்புவோம். ரிப்போர்ட் வந்ததும் நீ போகலாம். உன்னை யார் பிடித்து வைக்கப்போகிறார்கள்?"

"தம்பி, சும்மா இரடா!" என்று நான் கத்தினேன். சார்ஜன்ட் எனக்குத் தலையாட்டினார். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து ஒன்றாக இருந்த ஒரே இடம் அதுதான்.

பிறகுதான் அது நடந்தது.

கான்ஸ்டபிள் ஒரு பக்கற்றைத் திறந்து, வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். மேலே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தாள் எழும்பியது. திருநீறு மேசை முழுவதும் பரவி, விளிம்பால் நிலத்தில் விழப்போனது. கீழே சார்ஜன்டின் சப்பாத்து.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வேன். திருநீறு நிலத்தில் சிந்தி மிதிபடக்கூடாது என்று கைக்குத் தெரியும், எனக்குத் தெரியவேண்டியதில்லை. கையை நீட்டி, மேசை விளிம்பில் கிடந்ததை வழித்து எடுத்து, நெற்றியில் பூசினேன். விரலில் மிஞ்சியதை, கோயிலில் செய்கிற மாதிரியே, வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கியும் விட்டேன்.

சார்ஜன்டின் கதிரை பின்னால் விழுந்தது.

"விழுங்கிவிட்டது! சாட்சியத்தை விழுங்கிவிட்டது!"

"வாயைத் திறக்கச் சொல்லட்டா சேர்?" என்றார் கான்ஸ்டபிள்.

"ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள்" என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். புகைபோக்கி அலுமாரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

மகன் எழும்பி நின்றுவிட்டான். "அவவைத் தொடக்கூடாது சேர். பெண்ணைப் பெண் பொலிஸ்தான் சோதிக்கவேண்டும்."

"அதுவும் உனக்குத் தெரியுமா?" சார்ஜன்ட் சுற்றிப் பார்த்தார். பெண் பொலிஸ் யாரும் இல்லை. அந்த நிலையத்துப் பெண் பொலிஸ் கோர்ட் கடமைக்குப் போயிருக்கிறா என்று கான்ஸ்டபிள் சொன்னார். அப்போது சார்ஜன்ட் என்னைப் பார்த்த பார்வை, தன்னிடம் இல்லாத சாவிக்குரிய பூட்டைப் பார்க்கிறவரின் பார்வை.

அந்த நேரம் பார்த்து ஓஐசி உள்ளே வந்தார். பொறுப்பதிகாரி என்றால் உரத்த குரலும் பெரிய உடம்புமாக ஒருவரை நினைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, வெயிலில் நின்று களைத்தவராக, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். விழுந்து கிடந்த கதிரையைப் பார்த்தார். மூன்று பக்கற்றைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். சார்ஜன்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"எப்போது விழுங்கினா?"

"இப்போதுதான் சேர்."

ஓஐசி விழுந்து கிடந்த கதிரையைத் தானே நிமிர்த்தி, எனக்கு முன்னால் போட்டு இருந்தார். என்னையும் வாங்கில் இருக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். சார்ஜன்டும் பார்த்தார். கான்ஸ்டபிளும் பார்த்தார். எனக்கு ஏதாவது நடக்குமா என்று மூன்று பேரும் காத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. மகன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பு வருகிறது என்று அவனுடைய காதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். சிரிப்பை அடக்கினால் சிவக்கிற காது அது.

"என்ன செய்கிறது, டீச்சர்?" என்றார் ஓஐசி. நான் ஆசிரியை என்று மகன் முதலே சார்ஜன்டிடம் சொல்லியிருக்கவேண்டும்.

"பயமாக இருக்கிறது, சேர்."

"அது தூளாலா, எங்களாலா?"

"உங்களால்தான்."

கான்ஸ்டபிள் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ஓஐசி சிரிக்கவில்லை. ஆனால் கையில் பிடித்திருந்த தொப்பியை மேசைமேல் வைத்தார்.

சார்ஜன்ட் குனிந்து, "எதற்கும் அனுப்பிப் பார்ப்போம் சேர்" என்றார். "இல்லை என்று வந்தால் விட்டுவிடலாம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துப் போவோம் என்கிற மாதிரித்தான் சொன்னார். கான்ஸ்டபிளுக்கு நெருப்புப்பெட்டியும் கிடைத்துவிட்டது. குச்சியைக் கிழித்து மெழுகுதிரியைக் கொளுத்தினார். அரக்கு உருகுகிற மணம் வந்தது. அனுப்பிப் பார்ப்போம். அந்தச் சின்னப் பேச்சுக்குள் என் பிள்ளையின் எத்தனை மாதம் போகும் என்று அந்த மூன்று பேரில் ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. மகனின் காதைப் பார்த்தேன். சிவப்பு போய் வெளுத்திருந்தது. கேட்டுக் கேட்டு அவனிடம் இருந்த கேள்வியெல்லாம் முடிந்துவிட்டது.

நான் எழும்பினேன். ஓஐசிக்கு முன்னால் நின்று, மகனைக் காட்டி, எனக்குத் தெரிந்த மரக்கறிக் கடைச் சிங்களத்தில் கேட்டேன்.

"சேர், இவனை எடுத்துவிட்டீர்களா, இல்லையா? எடுத்தீர்கள் என்றால், ஏன் எடுத்தீர்கள்? எனக்குச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் நான் கொண்டுபோகிறேன்."

தேங்காய்க்குக் கேட்கிற கேள்விதான். ஆனால் நான் என் வாழ்நாளில் பொலிசிடம் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டுவிட்டு, நிலம் விலகுமோ என்று காலைப் பார்த்தேன்.

ஓஐசி என்னை விட்டுவிட்டு சார்ஜன்டின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கள். ஏன் எடுத்தோம்?"

"பக்கற் மூன்று, சேர். அளவாகக் கட்டியிருக்கு. நெற்றியில் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறான். நிறையக் கேள்வி கேட்கிறான்."

"கேள்வி கேட்டதையும் எழுதப்போகிறீர்களா?"

சார்ஜன்ட் காக்கி உறையை எடுத்து ஒருதரம் திருப்பிப் பார்த்தார்.

"நான் இதைக் கைது என்று எழுதினால் நாளைக்கு நீதவானுக்கு முன்னால் போய் நிற்கப்போவது யார்? நான். அவர் என்ன கேட்பார்? அந்தத் தூளை உங்கள் மேசையில் வைத்தே ஒரு டீச்சர் விழுங்கினாவாமே, அவ இப்போது எப்படி இருக்கிறா என்று கேட்பார். நான் என்ன சொல்வது? பயமாக இருக்கிறது என்று சொன்னா, வேறு ஒன்றும் இல்லை என்றா?"

கான்ஸ்டபிள் இந்த முறை இருமவில்லை, சிரித்தேவிட்டார். சார்ஜன்டின் மீசையும் ஒரு பக்கம் அசைந்தது. ஓஐசி ஒரு பக்கற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணந்தார். மேசையில் மிஞ்சியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர், இப்படி எல்லாம் கட்டவேண்டாம். என் ஆட்கள் இப்படிப் பக்கற்றைத்தான் நாள் முழுக்கத் தேடுகிறார்கள்."

"ஓம் சேர். சரி சேர்."

"கைது இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

கான்ஸ்டபிள் குனிந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தார்.

நான் மகனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் அசையவில்லை. "அப்ப மூன்று பக்கற்றும் திருநீறு என்று எழுதுவீர்களா சேர்?" என்று கேட்டான். எனக்கு உயிர் போய் வந்தது. இந்தப் பிள்ளையை நான்தான் பெற்றேனா என்று இருந்தது. ஓஐசி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம், எழுதுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது சார்ஜன்ட் பின்னால் இருந்து கூப்பிட்டார். திரும்பினால், அவர் என் பையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மே, துவாய்."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. காலி வீதியில் வழமைபோல் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. ஸ்கூட்டர் மதிலோடு நின்றது. நான் பின்னால் ஏறுவதற்குச் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். மகன் சாவியைக் கொண்டுபோனான். துளைக்குள் போகவில்லை. மறுபடியும் கொண்டுபோனான். சாவி துளைக்குப் பக்கத்தில் தட்டித் தட்டி விலகியது.

"விடு தம்பி. தள்ளிக்கொண்டு போவம்."

அவன் ஹாண்டிலைப் பிடித்தான். நான் பின்னால் சீற்றைப் பிடித்துத் தள்ளினேன். பை ஹாண்டிலில் தொங்கி ஆடியது. கணவர் எடுத்தார். பேலியகொடையில் நிற்கிறாராம். நீர் வாயைத் திறக்கேல்லைத்தானே என்று கேட்டார். வீட்டுக்கு வாங்கோ சொல்லுறன் என்று வைத்துவிட்டேன். லோயரின் கார் எதிர்ப்பக்கத்தில் மெதுவாக ஊர்ந்து போனது. அவர் எங்களைக் காணவில்லை.

"உனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "பெண் பொலிஸ்தான் சோதிக்கவேணும், காரணம் சொல்லவேணும் எண்டெல்லாம்?"

"ரீல்ஸ்ல பாத்தனான்."

"ரீல்ஸ்லையோ? ரீல்ஸை நம்பியோடா நீ பொலிசோட கதைச்சனீ?"

"சரியாத்தானே இருந்தது அம்மா. சட்டம்தானே என்னை வெளியில விட்டது."

அவனுக்கு அது சட்டம். எனக்கோ, அது களைத்துப்போய் வந்த ஒரு மனிதருக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்த ஒரு நிமிடம். அவர் வேறு ஒருவராக இருந்திருந்தால், அல்லது அவரே வேறொரு நாளில் வந்திருந்தால், அந்தச் சட்டம் எங்கே போய் நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் இதைப் பற்றி நாங்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அவன் சொல்வது சரியாக இருக்கவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் அவன் ஹெல்மெட்டை எடுக்கிற சத்தம் கேட்டால் சமையலறையில் என் கை நின்றுவிடுகிறது.

"அம்மா," என்றான் முன்னால் இருந்து. "அந்த ஆள் அனுப்பிப் பாப்பம் எண்டு சொன்னவர்..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் தள்ளினோம். ஒரு சைவக் கடையில் வடை பொரிகிற மணம். பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் எங்களை விலத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துப் போனார்கள்.

"அம்மா, கொஞ்சம் மெல்லத் தள்ளுங்கோ. என்னால பிடிக்கேலாமல் கிடக்கு."

அப்போதுதான் கவனித்தேன். ஸ்கூட்டரை நான் ஏறக்குறைய ஓடவைத்துக்கொண்டிருந்தேன், பின்னால் இருந்து யாராவது இன்னொரு முறை கூப்பிடுவதற்குள். ஓம் ஓம் என்று சொன்னேன். ஆனால் கை கேட்கவில்லை. திரும்பிப் பாராமல், அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே போனேன்.